ஐந்து கடை பிஸ்கட்

அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் கைகுலுக்கி. ஏழைக் குழந்தைகளின் இதய அறுவைச் சிகிச்சைக்கு உதவும் தொண்டு நிறுவனம் அது. கம்பெனிகளைப் பிடித்து, அவர்கள் விற்கும் பொருளில் குழந்தைகளின் படத்தைப் போட வைப்பது அவர் வேலை. பதினாறு வருடமாகப் பல்லைக் காட்டிக் காட்டியே தாடை தேய்ந்த மனிதர்.

பிஸ்கட் கம்பெனியைத் தலைகீழாக நின்று பிடித்ததும் அவர்தான். பாக்கெட் விற்க விற்க, ஒரு பங்கு சிகிச்சைக்கு வரும். உறையில் போட, தையல் ஆலையில் வேலை பார்க்கும் ஒரு தாயின் ஏழு வயது மகளைத் தேர்ந்தெடுத்தார்கள். முன்பல் இரண்டும் விழுந்த சிரிப்பு. ஒரு வருட அனுமதி போதும் என்றது கம்பெனி. எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று வருடத்துக்குக் கையெழுத்து வாங்கினார் இவர். பிஸ்கட் கடைக்கு வந்துவிட்டது. சிகிச்சைக்கு அவள் முறை வரவில்லை. அதற்குள் குழந்தை போய்விட்டது.

மறு மாதம் அந்தத் தாய் அலுவலக மாடிப்படியில் வந்து நின்றாள்.

"அண்ணே, எந்தக் கடைக்குப் போனாலும் எம்புள்ள சரம்சரமா தொங்குறா. என் கண்ணு முன்னாடியே பிரிச்சுத் தின்னுட்டு, அவ மூஞ்சியக் கசக்கிப் போடுறாங்க. எடுத்துடச் சொல்லுங்கண்ணே. வேற எதுவும் கேக்கல."

கம்பெனி மேலாளர் போனில் மிகவும் வருத்தப்பட்டார். "அச்சடிச்சாச்சே சார். இருக்கற சரக்கு வித்துத் தீந்தா தானா நின்னுடும்."

அப்படியானால் தீர்த்துவிட வேண்டியதுதான் என்று நினைத்தார் பாவி மனுஷன். அவள் வீட்டிலிருந்து ஆலைக்குப் போகும் வழியில் ஐந்து கடைகள். தினமும் காலையில் அவளுக்கு முன்னால் போய், தொங்குவதையெல்லாம் வாங்கிப் பையில் திணித்துக்கொண்டு வந்தார். பிரிக்கவும் மனம் வரவில்லை, குப்பையில் போடவும் மனம் வரவில்லை.

"பீரோவுக்குள்ளயும் பிஸ்கட்டா? இன்னும் கொஞ்ச நாள்ல எறும்பு நம்மள வெளிய தள்ளிடும்!" என்று மனைவி கத்தினாள்.

இரண்டு மாதம் கழித்துக் கூட்டம் நடந்தது. மேலாளருக்கு வாயெல்லாம் பல்.

"சொன்னா நம்ப மாட்டீங்க. உங்க ஏரியால சரக்கு வந்த அன்னைக்கே காலி! அந்தப் பாப்பா முகம் அவ்வளவு ராசி. அதே படத்தோட இன்னும் ரெண்டு வருஷம் போறோம். அந்த ஏரியாவுக்கு டபுள் சரக்கு."

"அனுமதியும் மூணு வருஷத்துக்கு இருக்கு. நம்மாளு முன்யோசனைக்காரர்!" என்று இயக்குநர் கைதட்டினார்.

வினையை விலை கொடுத்து வாங்கியிருந்தார் அவர்.

"சார், அந்தக் குழந்தையோட அம்மா..."

இயக்குநர் அவர் காதருகே குனிந்தார். "இதுல இருபது குழந்தை பொழைக்கும். கெடுத்துடாதீங்க."

இருபதும் உண்மைதானே.

சாயங்காலம் ஆலை விட்டு வந்த அந்தத் தாய், இரண்டாவது கடை வாசலில் அவரைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். முகத்தில் கொஞ்சம் தெளிவு இருந்தது.

"அண்ணே, இப்பல்லாம் ஒரு கடையிலயும் இல்ல. நீங்க சொன்னதும் எடுத்துட்டாங்க பாத்தீங்களா? இப்பதான் தல நிமிந்து நடக்குறேன். நீங்க நல்லா இருக்கணும்."

எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தார்.

"சாப்பிட்டீங்களாம்மா?" என்றுதான் கேட்க முடிந்தது.

புதுச் சரக்கு நாளைக் காலை எட்டு மணிக்கு வந்து இறங்கும். அவள் வேலைக்குப் போகிற நேரம் அது.