எங்கள் வீட்டு ஜெபக் குறிப்பு

மிஷனரி குடும்பத்தில் யாரும் நிம்மதியாகத் தும்ம முடியாது. தும்மினால் அது சபைகளெல்லாம் வேண்டிக்கொள்கிற ஜெபக் குறிப்பாகிவிடும். காலையில் எனக்கு மூக்கு ஒழுகினால், மாலைக்குள் தங்காக் என்ற ஊரிலிருந்து முன்பின் தெரியாத ஒரு ஆன்ட்டி போன் போட்டு, "சிஸ்டர், சளி எப்படி இருக்கு?" என்று விசாரிப்பார். அன்பினால்தான் கேட்கிறார்கள், தெரியும். இருந்தாலும் என் மூக்கையாவது என்னிடம் விட்டுவிடுங்களேன் என்று சில சமயம் கத்தத் தோன்றும்.

கம்போடியாவிலிருந்து ஓராண்டு விடுப்பில் மலேசியாவுக்கு, ஜோகூர் மாநிலத்துக் குளுவாங்குக்கு வந்திருந்தோம். நான், என் கணவர், எங்கள் ஒரே மகள். அவர் ஒரு காலத்தில் பக்கத்து ஊரான செனாயில் தொழிற்சாலை சூப்பர்வைசர். நல்ல வேலையை விட்டுவிட்டு, ஊழியத்துக்கு அழைப்பு வந்தது என்று மேகோங் ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊருக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனவர். இப்போது விடுப்பு முடியப்போகிறது. எங்களுக்குத் தங்கக் கொடுத்திருந்த, சபைக்குப் பின்னால் உள்ள வீட்டின் கூடத்தில் பெட்டிகள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. இக்கான் பிலிஸ் நெத்திலிப் பொட்டலமும் கறித்தூளும் ஒரு பக்கம், அவருடைய புத்தகங்கள் ஒரு பக்கம். பெட்டியை எடைபோடும்போதெல்லாம் கறித்தூள்தான் வெளியே வரும், புத்தகம் வராது. அதற்காகவே தினம் ஒரு சண்டை.

உண்மையில் அந்தப் பெட்டிகளை நிரப்பவே எனக்கு மனமில்லை. எனக்குத் திரும்பிப் போகப் பயம். இதை யாரிடமும் நான் சொல்லவில்லை. புருஷனிடமும் சொல்லவில்லை, பாஸ்டரிடமும் சொல்லவில்லை. கர்த்தரிடம்கூட நேராகச் சொல்லாமல் சுற்றி வளைத்துத்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

விடுப்பு என்பது பெயருக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஏதாவது ஒரு சபைக்குப் போய், பணத்தாலும் ஜெபத்தாலும் எங்களைத் தாங்குகிறவர்களுக்கு ஊழியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் மூவருக்கும் தனித்தனி வேலை உண்டு. அவர் திரையில் படம் காட்டிப் பேசுவார். மகள் அந்த ஊர்ப் பாவாடை கட்டி அவர்கள் பாஷையில் ஒரு பாட்டுப் பாடுவாள். முந்தைய விடுப்புகளில், சின்னப் பிள்ளையாக இருந்தபோது, குதித்துக்கொண்டு பாடினாள். இந்த முறை இங்கே ஃபாரம் திரி, அதாவது ஒன்பதாம் வகுப்பு, போன பிறகு அந்தப் பாவாடையைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

என் வேலை சாட்சி சொல்வது. எப்போதும் ஒரே சாட்சிதான், வெள்ளச் சாட்சி. ஒரு மழைக்காலத்தில் இவர் படகில் கிராமத்துக்குப் போயிருந்தார். ஆறு ஏறிவிட்டது. மகளுக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. கிளினிக் அக்கரையில். போனில் லைன் இல்லை. வாசற்படி வரை தண்ணீர். பிள்ளையை மேசைமேல் படுக்கவைத்து, ஈரத்துணி போட்டுப் போட்டு நான் ஜெபித்தேன். கடைசியில் ஒரு மீன்காரர் படகோடு வந்து எங்களை ஏற்றிக்கொண்டு போனார். "கர்த்தர் கைவிடவில்லை" என்று நான் முடிப்பேன். எல்லோரும் ஆமென் என்பார்கள். கைக்குட்டைகள் வெளியே வரும். சொல்லிச் சொல்லி எங்கே நிறுத்தினால் எங்கே அழுவார்கள் என்றுகூட எனக்குத் தெரிந்துபோயிற்று.

பொய் ஒன்றும் இல்லை. மீன்காரர் வந்தார், பிள்ளை பிழைத்தாள். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை நான் எந்தச் சபையிலும் சொன்னதில்லை. மழை வலுத்தால் என் கை நடுங்க ஆரம்பித்துவிடும். அவர் கிராமத்துக்குப் போகிற நாள்களில் மழை வந்துவிட்டால், சமைக்க மாட்டேன், உட்கார மாட்டேன். வாசலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டே இருப்பேன். மகளுடைய நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். அவர் திரும்பி வந்து காலைக் கழுவும்போது நான் சிரித்துக்கொண்டு தேத்தண்ணி கலக்குவேன். மிஷனரி மனைவி பயந்தால் ஊழியத்துக்கே இழுக்கு என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. நானாகவே அப்படி வைத்துக்கொண்டேன்.

ஒருநாள் சாப்பிடும்போது மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே, "நான் கம்போடியா வரல" என்றாள்.

அவர் மெதுவாகத்தான் கேட்டார். "ஏன்மா?"

அவள் ஒரு கணம் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "ஸ்கூல் இருக்கு. நெட்பால் இருக்கு. ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க. நான் இங்கயே இருக்கேன் லா, அப்பா" என்றாள்.

என் வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது, அதுதான் உண்மை. பிள்ளை வரமாட்டேன் என்றால் பிள்ளையை விட்டுவிட்டு எப்படிப் போவது? போகாமல் இருக்க இதைவிட நல்ல காரணம் எனக்குக் கிடைக்காது. ஆனாலும் வெளியே, "என்னா பேச்சு இது, சாப்பிடு" என்று அதட்டினேன்.

அவர் மறுபேச்சுப் பேசாமல் கை கழுவப் போனார். ரொம்பப் பக்குவமாக நடந்துகொண்டார் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு பாலோ என்ற ஊரில்தான் தெரிந்தது, அந்தப் பக்குவம் எதற்கு என்று. ரப்பர் தோட்டத்து ஆட்கள் நிறைய வருகிற சின்னச் சபை அது. படமெல்லாம் காட்டி முடித்து, கடைசியில் ஜெபக் குறிப்புகள் சொன்னார். பயணத்துக்காக, விசாவுக்காக. அப்புறம், "எங்க மகளுக்காகவும் ஜெபிச்சுக்குங்க. திரும்பிப் போக அவளுக்கு மனசு இல்ல. கர்த்தர் அவ இருதயத்தத் திருப்பணும்" என்றார்.

மகள் அந்தப் பாவாடையோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் கழுத்துவரை சிவந்ததை நான் பார்த்தேன். ஆராதனை முடிந்ததும் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் தலையில் கை வைத்தார், ஒருவர் தோளில், ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டார். "அப்பா அம்மாவுக்குக் கீழ்ப்படியணும்மா." "எங்களுக்கெல்லாம் இந்த பாக்கியம் கிடைக்கலியே." அவள் எல்லோரும் விட்ட பிறகு போய்க் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வழியில் நான் வெடித்தேன். "வீட்டுல சாப்பிடும்போது பேசினத மைக்குல சொல்வீங்களா?"

"குடும்பத்துக்காக ஜெபிக்கக் கேட்டேன். அதுல என்ன தப்பு?"

"அவகிட்ட கேட்டீங்களா?"

"ஜெபத்துக்குமா பர்மிஷன்?"

பின்சீட்டில் மகள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். என் கோபம் நியாயமானதுதான். ஆனால் அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. இத்தனை பேர் ஜெபித்தால் நிஜமாகவே அவள் மனம் மாறிவிடுமோ என்ற கவலை.

அடுத்து தங்காக். எங்களுக்கு முன்பே சேதி போய்விட்டது. அந்த ஊரில் துணிக்கடை வைத்திருக்கிற ஆன்ட்டி ஒருவர், வழக்கமாக எனக்கு ஒரு புடவை கொடுப்பவர், இந்த முறை மகள் கையில் ஒரு சுடிதார்த் துணியைத் திணித்து, "இதத் தச்சுப் போட்டுக்கிட்டு சந்தோஷமா போய்ட்டு வாடா கண்ணு" என்றார். காரில் ஏறியதும் மகள், "அலமாக், ஐயோ. துணி கொடுத்தா போயிடுவேன்னு நெனைக்கிறாங்களா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

புறப்பட ஒரு வாரம் இருக்கையில் ஒருநாள் மதியம் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் விசா விஷயமாக வெளியே போயிருந்தார். திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. வீட்டு முன்னால் இருந்த லோங்காங் வாய்க்கால் நிரம்பித் தண்ணீர் ரோட்டுக்கு ஏறியது. ஜன்னல் வழியாக அதைப் பார்த்தேன், அவ்வளவுதான். கையிலிருந்த மிளகாய்த்தூள் டப்பா விழுந்து தரையெல்லாம் சிவப்பு. இது குளுவாங், ஆறு இங்கே இல்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கை கேட்கவில்லை.

மகள் அறையிலிருந்து வந்தாள். ஒன்றும் கேட்காமல் ஜன்னலைச் சாத்தினாள். திரையை இழுத்துவிட்டாள். துடைப்பம் எடுத்துவந்து மிளகாய்த்தூளைக் கூட்டினாள். பிறகு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாகிட்ட சொல்லுங்க, ம்மா."

"என்னத்த?"

"உங்களுக்கே தெரியும்."

"ஒண்ணுமில்ல. போய் ஹோம்வர்க்கப் பாரு."

அவள் கையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அன்றைக்கு அவள் முகத்தை நான் சரியாகப் பார்த்திருக்க வேண்டும்.

அனுப்புதல் ஆராதனை எங்கள் குளுவாங் சபையிலேயே நடந்தது. எங்கள் வழக்கப்படி, போகிற குடும்பம் முன்னால் வந்து ஆளுக்கொரு வார்த்தை பேச வேண்டும். பிறகு முழங்காலில் நிற்க, மூப்பர்கள் தலையில் கை வைத்து ஜெபித்து அனுப்புவார்கள். அவர் பேசினார். நான் வெள்ளச் சாட்சியைச் சொன்னேன். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினேன், அழ வேண்டியவர்கள் அழுதார்கள்.

பாஸ்டர் மைக்கை மகளிடம் நீட்டினார். சபையே முன்னால் சாய்ந்து உட்கார்ந்தது. ஜோகூர் முழுக்க ஜெபித்த ஜெபத்துக்குப் பதில் வரப்போகிறது அல்லவா? ஆன்ட்டிகள் டிஷ்யூவைத் தயாராக வைத்திருந்தார்கள். எனக்கு ஒரே பயம். போகிறேன் என்று சொல்லிவிடுவாளோ என்றுதான்.

அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எனக்காக ஜெபிச்சதுக்கு தேங்க்ஸ். ஆனா எனக்கு ஜெபம் வேணாம். எனக்கு அந்த ஊர் புடிக்கும். நெட்பால்னு சொன்னது சும்மா."  என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள். "அம்மா சாட்சியில ஒரு பகுதி சொல்லவே மாட்டாங்க. மழை வந்தா அம்மாவுக்குக் கை நடுங்கும். அப்பா இல்லாதப்ப நடந்துகிட்டே இருப்பாங்க. என் நெத்தியத் தொட்டுக்கிட்டே இருப்பாங்க. இங்க வந்தும் நடுங்குது. நான் வரலன்னு சொன்னா அம்மா போக வேண்டியதில்லன்னு நெனச்சேன். ப்ளீஸ், அம்மாவுக்காக ஜெபிங்க."

பின்வரிசையில் யாரோ பழக்கதோஷத்தில் "ஆமென்" என்றார்கள்.  

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அப்பன் செய்ததையே மகளும் செய்துவிட்டாளே, வீட்டு விஷயத்தை மைக்கில் போட்டுவிட்டாளே என்ற கோபம். அது முழுசாக மேலே வருவதற்குள் முழங்காலில் நின்றுவிட்டேன். என் தலையில் கைகள் வந்து அமர்ந்தன. சாட்சி சொல்லி எத்தனையோ பேரை அழவைத்தவள், அன்றைக்குத்தான் நானே அழுதேன். மூக்கு ஒழுகியது. ஒழுகட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் கணவர் முழங்காலில் நிற்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து கேட்டார். "உண்மையா?"

"ஆமா."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

 "ஜெபிச்சிருப்பேன்."

"அதான் சொல்லல."

அடித்தமாதிரி ஆகிவிட்டது அவருக்கு. நான் வேண்டுமென்றே குத்தவில்லை. வாயில் வந்துவிட்டது. பிறகு அவர், "நான் படகுல போகாம இருந்திருப்பேன்" என்றார். மெல்லத்தான் சொன்னார். அது எனக்கு என்றைக்குமே தோன்றியதில்லை. அவர் போகாமல் இருக்கவும் கூடும் என்பது.

மறுநாள் மிஷன் பொறுப்பாளரிடம் பேசினார். அங்கே தொடங்கிய வேலையைப் பாதியில் விட முடியாது, யாராவது போயே ஆகவேண்டும். அவர் தனியாகப் போவது, நான் இங்கே ஒரு டாக்டரைப் பார்ப்பது, நானும் மகளும் போவதைப் பற்றி மழைக்காலம் முடிந்த பிறகு பேசுவது என்று முடிவாயிற்று. பெட்டிகளிலிருந்து என் துணிகளையும் மகள் துணிகளையும் அவரே எடுத்து வெளியே வைத்தார். புத்தகங்களையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கறித்தூளை வைத்தார்.

செனாய் விமான நிலையத்தில் வழக்கமாக அவர் எல்லோர் முன்னாலும் கையைத் தூக்கிச் சத்தமாக ஜெபிப்பார். மகள் வெட்கத்தில் தூணுக்குப் பின்னால் போய் நிற்பாள். இந்தத் தடவை என் பக்கம் குனிந்து, "என்னான்னு ஜெபிக்கணும், நீ சொல்லு" என்றார்.

"ஆறு ஏறினா நீங்க படகுல ஏறக் கூடாதுன்னு ஜெபிங்க."

அதை மட்டும் சொல்லி, எங்களுக்கு மட்டும் கேட்கிற அளவு மெதுவாக ஜெபித்தார். மகள் தலையைத் தடவினார். உள்ளே போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவர் மறையும்வரை நின்றோம். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் எங்கள் இருவரையும் விட்டு நாடு தாண்டிப் போவது அதுதான் முதல் தடவை.

காரில் வந்து உட்கார்ந்தோம். நான் சாவியைத் திருப்பவில்லை. மகள் சீட் பெல்ட்டைப் பிடித்தபடி என் பக்கம் திரும்பினாள்.

"ம்மா, நான் சொன்னதாலதான அப்பா தனியா போறாரு?"

"இல்லம்மா" என்றேன். "நான் சொல்லாததால."