கரி படிந்த ஓடுகள்

மகள் பிரசவத்துக்கு வருமுன் ஒழுகும் கூரையைச் சரிசெய்ய நினைத்தேன். பழைய சீமை ஓட்டையே பிரித்து அடுக்குவதா, தகர ஷீட் போடுவதா என்று தெரியவில்லை. கொத்தனாரான மைத்துனன் ஏழுமலையைக் கேட்டேன். அவன் ஏணியில் ஏறிப் பார்த்தான்.

"ஓடெல்லாம் விரிசல் உட்டுக் கீது மாமா. ஷீட்டு போட்டுக்கினு நிம்மதியா இரு."

நானும் ஏறிப் பார்த்திருக்கலாம். சந்தேகப்படுவதாக நினைப்பானே என்று கூச்சப்பட்டு நின்றுவிட்டேன். ஓடுகளைக் குப்பையில் கொட்டுவதாகச் சொல்லி டிராக்டரில் ஏற்றிப்போனான்.

சித்திரையில் ஷீட் அனலாகக் கொதித்தது. மகள் பகலெல்லாம் கைக்குழந்தையோடு பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்தாள்.

போன வாரம் நானும் மனைவியும் திருமுக்கூடலில் உள்ள ஏழுமலை வீட்டுக்குப் போனோம். புது மாட்டுக்கொட்டகை கட்டியிருந்தான். மேலே சீமை ஓடு. அதில் ஒரு வரிசை முழுக்கக் கரி படிந்திருந்தது. எங்கள் அடுப்புக்கு மேலே இருந்த ஓடுகள். ஒன்றில்கூட விரிசல் இல்லை.

"இன்னா மச்சான் இது?" என்றேன்.

"நீ வேணாம்னு தூக்கிப்போட்டதுதான மாமா" என்று சிரித்தான்.

"எம் பேத்தி அங்க வேகுறா. உன் மாடு இங்க ஜில்லுனு கீதாடா?" என்றாள் மனைவி. அவன் சிரிப்பு நின்றது.

ஷீட்டின் மேல் தென்னங்கீற்று பரப்பியிருக்கிறேன். இப்போதெல்லாம் எது கெட்டுப்போனதாக யார் சொன்னாலும், கூச்சத்தோடாவது நானே ஏணியில் ஏறிப் பார்த்துவிடுகிறேன்.