பொன்னுத்தங்கம் ஓடிய காட்சி

திருத்தங்கலில் எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு பொன்னுத்தங்கத்தினுடையது. நாற்பத்தாறு வயது. இருபத்திரண்டு வருடமாகப் பட்டாசு ஆலையில் வெடிமருந்து செலுத்தும் வேலை. தெருக்குழாயில் யாராவது வரிசையைத் தாண்டினால் அவர்கள் குடத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, வீட்டில் தீயா பிடித்திருக்கிறது என்று கேட்பார். கேட்டுவிட்டுச் சிரிக்கவும் மாட்டார். அவர் ஒரே ஒரு முறை தொலைக்காட்சியில் வந்திருக்கிறார். மொத்தம் மூன்று வினாடி, அதிலும் முதுகுதான் தெரியும். அந்த மூன்று வினாடிக்குக் காரணம் நான்.

எனக்கு அச்சகத்தில் வேலை. போன வருடம் தீபாவளி முடிந்ததும் சென்னையிலிருந்து ஒரு படக் கம்பெனி வந்தது. வெம்பக்கோட்டைப் பக்கம் பூட்டிக் கிடந்த ஒரு சரக்குக் கிட்டங்கியை ஆசிரமமாக மாற்றித் தொடர் நாடகம் எடுத்தார்கள். கதை இதுதான். ஒரு சாமியார் புறம்போக்கு நிலத்தில் ஆசிரமம் கட்டி, உலகம் அழியப்போகிறது, உள்ளே இருப்பவர்கள் மட்டும் பிழைப்பார்கள் என்கிறார். அரசாங்கம் காலி செய்யச் சொல்கிறது. அவர் மறுக்கிறார். பதினோரு நாள் போலீஸ் சுற்றி நிற்கிறது. கடைசி நாள் புகைக்குண்டு வீசுகிறார்கள். பக்தர்கள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பக்தர்களாக உட்கார அறுபது பேர் வேண்டும் என்று என்னிடம் கேட்டார்கள். தீபாவளிக்குப் பிறகு ஆலைகள் பூட்டியிருக்கும் மாதம் அது. சனங்கள் வீட்டில் சும்மா இருந்தார்கள். அரை நாளில் ஆள் சேர்த்துவிட்டேன். பெரிய சாதனை என்று நினைப்பு. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பட்டாசு வேலைக்காரர்கள். பொன்னுத்தங்கம் வந்தார். அவர் அக்கா மகள் யோகேஸ்வரியும் கல்லூரி விடுமுறை என்று கூட வந்தாள்.

இந்த இரண்டு பேரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏழு வருடத்துக்கு முன்னால் பொன்னுத்தங்கமும் அவர் அக்கா செல்லக்கனியும் ஒரே அறையில் வேலை பார்த்தார்கள். மருந்து அறையில் நாலு பேர்தான் இருக்கலாம். நாலு பக்கமும் வாசல். ஒவ்வொருவருக்கும் ஒரு வாசல். அந்த ஆலையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் கையில் போர்மேன் முதல் நாள் மருந்தைக் கொடுக்க மாட்டார். உட்காரவைத்துக் கையைத் தட்டுவார். தட்டியதும் எழுந்து தன் வாசல் வழியாக ஓட வேண்டும். திரும்பிப் பார்த்தால் மறுபடியும் உட்காரவைப்பார். யோசிக்காமல் கால் ஓடும்வரை அன்று முழுவதும் அதுதான் வேலை.

மருந்து வெடித்து விபத்து நடந்த அன்று அறையில் மூன்று பேர். பொன்னுத்தங்கமும் இன்னொரு பெண்ணும் வெளியே வந்துவிட்டார்கள். செல்லக்கனி வரவில்லை. யோகேஸ்வரிக்கு அப்போது பன்னிரண்டு வயது, அப்பாவும் இல்லை. பிள்ளை இல்லாத பொன்னுத்தங்கமும் அவர் கணவரும் அவளைத் தங்களோடு வைத்துக்கொண்டார்கள். படிக்கவைத்தார்கள். ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் பதினைந்து வயதில் ஒரு நாள் சாப்பிடும்போது அந்தப் பெண் கேட்டுவிட்டாள்.

"பக்கத்துலதான இருந்தீக. எங்கம்மா கையப் பிடிச்சு இழுத்திருக்கலாம்ல?"

பொன்னுத்தங்கம் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். என்ன சொல்வார், பாவம். அதற்குப் பிறகு அவள் கேட்கவும் இல்லை. அந்த வீட்டில் சமையல் உண்டு, படிப்பு உண்டு, தீபாவளிக்குப் புதுத் துணி உண்டு, அந்தப் பேச்சு மட்டும் இல்லை. பதில் இல்லாத கேள்வி நடுவில் கிடந்து இருவரையும் அரித்தது. எங்கள் தெருவுக்கே அது தெரியும்.

படப்பிடிப்புக்கு வருகிறேன். எல்லோருக்கும் காவி கட்டி வரிசையாக உட்காரவைத்தார்கள். பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூட வேண்டும். பின்சுவருக்கு வெளியே வெடிச்சத்தம் கேட்கும், புகை வரும், யாரும் அசையக் கூடாது, அதுதான் பக்தி என்று இயக்குநர் விளக்கினார். பொன்னுத்தங்கமும் யோகேஸ்வரியும் கையைக் கோத்து உட்கார்ந்தார்கள். சத்தமில்லாமல் ஒத்திகை பார்த்தபோது அறுபது பேரும் பிள்ளையார் மாதிரி இருந்தார்கள். இயக்குநருக்கு வாயெல்லாம் பல்.

பிறகு நிஜமாகவே வெடித்தார்கள்.

நான் கேமராவுக்குப் பின்னால் நின்றேன். கண்ணைச் சிமிட்டித் திறப்பதற்குள் கூடம் முக்கால்வாசி காலி. முன்வாசல், பக்கவாசல், ஜன்னல் என்று கிடைத்த வழியில் போய், நாற்பத்தைந்து பேர் வெறுங்காலோடு கருவேலங்காட்டில் நின்றார்கள். உள்ளே பதினைந்து பேர் மிச்சம். டீக்கடைக்காரர், தையல்காரர், என் மாமியார், யோகேஸ்வரி. எல்லோரும் ஆலை வாசலை மிதிக்காதவர்கள்.

இயக்குநர் என்னிடம் பாய்ந்தார். சாமியாரே பயப்படவில்லை, இவர்கள் ஏன் ஓடுகிறார்கள் என்றார். எனக்கும் கோபம் வந்துவிட்டது. சாமியாருக்கு மருந்தைப் பற்றித் தெரியாது சார் என்று சொல்லிவிட்டு, தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

பொன்னுத்தங்கம் கூட்டத்துக்குள் ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டிருந்தார். யோகேஸ்வரி இல்லை என்று தெரிந்ததும் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "இவளையும் விட்டுட்டு வந்துட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். அது நாடகம், வெறும் புகை என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. அப்படி ஒரு அழுகையை அவரிடம் நான் பார்த்ததில்லை. அக்கா செத்த அன்றுகூட அவர் இப்படி அழவில்லை.

புகைக்குள்ளிருந்து யோகேஸ்வரி நடந்து வந்தாள். ஒரு சிராய்ப்புகூட இல்லை. சித்திக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து தன் வலது கையைப் பார்த்தாள்.

"என் கைய எப்ப விட்டீக சித்தி?"

"தெரியலயே தாயி. சத்தியமா எனக்குத் தெரியல."

"எனக்கும் தெரியல. பிடிச்சிட்டுத்தான் இருந்தேன். கண்ணத் தொறந்து பாக்கேன், நீங்க இல்ல."

பிறகு அவள் கேட்டாள்.

"அன்னைக்கும் இப்படித்தானா?"

"ஆமா" என்றார் பொன்னுத்தங்கம்.

யோகேஸ்வரி தன் முந்தானையை எடுத்து அவர் முகத்தைத் துடைத்தாள். பாட்டிலைத் திறந்து கொடுப்பதைத் தவிர எனக்கு அங்கே வேலை இல்லை.

அதே காட்சியை இன்னும் இரண்டு தடவை எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு தடவையும் ஓடினார்கள். கடைசியில் இயக்குநர் கதையையே மாற்றினார். பக்தர்கள் ஓடிவிடுகிறார்கள், சாமியார் தனியாக உட்கார்ந்திருக்கிறார். நாடகம் வெளியான பிறகு அந்த இடத்தைத்தான் எல்லோரும் புகழ்ந்தார்கள். நம்பிக்கை ஒரே நொடியில் நொறுங்குவதை அவ்வளவு இயல்பாகக் காட்டியிருக்கிறார்களாம். எங்கள் தெருவில் விழுந்து விழுந்து சிரித்தோம்.

ஆலைகள் மறுபடி திறந்தன. பொன்னுத்தங்கம் அதே வேலைக்குத்தான் போகிறார்; வேறு வேலை யார் தருகிறார்கள்? காலை ஏழு மணிக்குத் தெருமுனையில் வேன் வந்து நிற்கும். நான் பல் தேய்த்துக்கொண்டு நிற்கும் நேரம் அது. யோகேஸ்வரி சாப்பாட்டுத் தூக்கோடு வேன்வரை வருகிறாள். மற்ற வீட்டுப் பிள்ளைகள் போயிட்டு வாங்க என்பார்கள். இவள் சொல்வது வேறு.

"சத்தம் கேட்டா ஓடிருங்க சித்தி. யாரையும் திரும்பிப் பாக்காதீக."

"சரி தாயி" என்று சொல்லி அவர் ஏறிக்கொள்கிறார்.