மகளின் கேள்வித்தாளும் என் ஜெபச் சீட்டும்

சபை மக்கள் எல்லாருக்கும் என் ஸ்தோத்திரம். இதை எழுத நான் தகுதியானவளா என்று இந்த வரியை எழுதும்போதும் தெரியவில்லை. முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் மூன்றாம் படிவம் வரைதான் படித்தேன். ஈப்போவில் ஒரு டோபி கடையில் ஹோட்டல் விரிப்புகளைத் தேய்த்து மடிக்கிற வேலை செய்கிறேன். பதினெட்டு வருடமாக இந்தச் சபைக்கு வருகிறேன். சாட்சி நேரத்தில் ஒரு தடவைகூட எழுந்து நின்றதில்லை. நிற்க வேண்டும் என்று நினைத்தாலே தலையைக் குனிந்துகொள்வேன். என் விண்ணப்பத்தைச் சீட்டில் எழுதி, வாசலில் இருக்கும் ஜெபப் பெட்டியில் போட்டுவிட்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்வேன். "நிக்க முடியலன்னா பரவால்ல சிஸ்டர், எழுதிக் குடுங்க" என்று போதகர் சொன்னார். அதனால்தான் எழுதுகிறேன்.

என் மகள் ஷீலாவைப் பலருக்குத் தெரியும். கோலாலம்பூருக்குப் பக்கத்தில் உள்ள பல்கலைக்கழகத்தில் விவசாயப் பொருளாதாரமும் பண்ணை நிர்வாகமும் படித்தாள். அவளுக்கு அந்தப் படிப்பு கிடைத்த வருடம், கிறிஸ்துமஸ் விருந்தில் என் கணவரின் அண்ணன் எல்லார் முன்னாலும் கேட்டார்.

"பிள்ளைங்க படிக்கணும்னுதானே நாம தோட்டத்த விட்டு வந்தோம். இவ என்னன்னா படிக்கப் போறதே தோட்டத்தைப் பத்தியா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஷீலாவும் சிரித்தாள். "நான் மரம் வெட்டக் கத்துக்கல பெரியப்பா. வெட்டுறவங்களுக்கு அது கட்டுப்படி ஆகுதான்னு பாக்கக் கத்துக்குறேன்" என்றாள். பால் மரம் சீவுவதைத்தான் நாங்கள் மரம் வெட்டுவது என்று சொல்வோம். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் நான் அப்போது சமையலறையில் இருந்தேன். பெருமைப்படுவதற்கும் எனக்குக் கூச்சம்தான்.

கடந்த ஆண்டு நவம்பர் மாதம். ஷீலாவுக்கு அது கடைசி ஆண்டு. ஒரு வெள்ளிக்கிழமை மாலை சொல்லாமல் கொள்ளாமல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். பையை வைத்தாள். சுவர் பக்கம் திரும்பிப் படுத்தாள். சாப்பிடவில்லை. மறுநாள் காலையில்தான் வாய் திறந்தாள்.

"நான் நிறுத்திடறேன்மா. இங்கயே ஏதாவது கடையில வேலைக்குப் போறேன்."

விஷயம் இதுதான். படிப்பை முடிக்க ஒவ்வொரு மாணவரும் ஓர் ஆய்வு செய்து கொடுக்க வேண்டும். ஷீலா சுங்காய்க்கு அப்பால் ஓர் ஊரை எடுத்துக்கொண்டாள். பழைய ரப்பர் தோட்டம் ஒன்று துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, அங்கே வேலை செய்த நம்மவர்கள் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் என்று வாங்கி வைத்திருக்கிறார்கள். அங்கே முப்பது வீடுகளுக்குத் தனியாகப் போய்க் கேள்வித்தாளை நிரப்பி வந்தாள். விரிவுரையாளர் அதைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இந்த நிலத்தில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்?" என்ற கேள்விக்கு முப்பது வீட்டிலும் ஒரே பதில். ஒருவர்.

"ஒரே ஆள் மூணு ஏக்கரையும் வெட்டி, பால் எடுத்து, தூக்கிட்டு வந்து, புல்லும் வெட்ட முடியுமான்னு கேக்குறார்மா. நானே வீட்டுல உக்காந்து எழுதிட்டேன்னு நினைக்கிறார்."

இரண்டு வாரத்தில் மறுபடியும் கேட்டுச் சரி செய்ய வேண்டும். இல்லையென்றால் கூடப் படித்தவர்களோடு முடிக்க முடியாது. ஷீலாவுக்கு மறுபடி போக மனமில்லை. போனாலும் அதே பதிலைத்தான் சொல்வார்கள் என்று அழுதாள். அதற்கு முன் அவள் அழுது நான் பார்த்தது சின்ன வயதில் காது குத்தியபோதுதான். எனக்கோ, மூன்றரை வருடம் விடுதியில் இருந்து படித்த பிள்ளை, கரைக்கு வந்து மூழ்குகிறதே என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்து, வழக்கம்போல சீட்டு எழுதிப் போட்டேன். "ஆண்டவரே, என் மகளோடு போய்ப் பேச, பேசத் தெரிந்த ஒருவரை அனுப்பும்." அவ்வளவுதான் எழுதினேன்.

புதன்கிழமை கடையில் விரிப்பு தேய்த்துக்கொண்டிருந்தேன். வாய்க்குள்ளேயே ஜெபித்துக்கொண்டிருந்தேன். முப்பது வீட்டிலும் ஏன் ஒரே பதில் என்று மனது அதையே சுற்றியது. அப்போது நான் பல வருடமாக நினைக்காத ஒன்று நினைவுக்கு வந்தது. ஒரு பள்ளம்.

நான் சுங்காய் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். எங்கள் அப்பா மரம் வெட்டுவார். அம்மாவும் நானும் பின்னாலேயே போய்ப் பால் எடுப்போம், காய்ந்த பாலை உரிப்போம். தோட்டத்துப் பதிவில் அப்பா பெயர் மட்டும்தான் இருந்தது. எங்கள் பெயர் இல்லை; பெயரில் இல்லாதவர்கள் வேலை செய்வது தெரிந்தால் அப்பாவுக்குத்தான் பிரச்சினை. கையில் பைலோடு யாராவது வந்தால் தூரத்திலிருந்து ஒரு விசில் கேட்கும். பிள்ளைகள் எல்லாரும் மழைநீர்ப் பள்ளத்தில் குதித்து ஒளிந்துகொள்வோம். "எத்தனை பேர் வேலை செய்றீங்க?" என்று வந்தவர் கேட்பார். "நான் ஒருத்தன்தான்" என்று அப்பா சொல்வார். ஒவ்வொரு அப்பாவும் அதைத்தான் சொல்வார். நிலம் சொந்தமான பிறகும் அந்த வாய் மாறவில்லை. பைலோடு ஒருத்தி வந்து கேட்டிருக்கிறாள். அவர்கள் வழக்கமான பதிலைச் சொல்லியிருக்கிறார்கள். டவுனில் பிறந்த என் மகளுக்கு அது தெரியவில்லை.

இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது. இது என் புத்தியில் வந்தது இல்லை.

வேலை முடிந்ததும் வீட்டுக்கு ஓடிப்போய் ஷீலாவுக்குச் சொன்னேன். அவள் எழுந்து உட்கார்ந்தாள். "ஆமாம்மா. சம்பளம் வாங்காத வேலையையும் எழுதணும். அத விட்டுட்டா நஷ்டத்துல ஓடுற பண்ணைகூட லாபம்னு பொய் சொல்லும்" என்றாள். அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள்.

பேசுவதற்கு ஆளும் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். நம் சபை செல்வி அக்கா. அவருடைய வாய் உங்களுக்குத் தெரியும். பஸ் நிறுத்தத்தில் பத்து நிமிடம் நின்றால் பத்துக் குடும்பக் கதையோடு வருவார். சனிக்கிழமை வருகிறேன் என்றார். சீட்டுக்குப் பதில் வந்துவிட்டது என்று ஸ்தோத்திரம் சொன்னேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு போன் வந்தது. குளியலறையில் வழுக்கிச் செல்வி அக்காவின் கால் வீங்கிவிட்டது. வெளியே மழை கொட்டியது. என் கணவர் வேனை எடுத்து வாசலில் நிறுத்திவிட்டு ஹாரன் அடித்தார். ஷீலா என்னைப் பார்த்தாள்.

"நீங்க வாரீங்களாம்மா?"

உண்மையைச் சொல்கிறேன். இன்னும் கொஞ்சம் மழை பெய்யட்டும், சாலை மூடட்டும் என்றுதான் அந்த நேரம் ஜெபித்தேன். அந்த ஜெபத்தை அவர் கேட்கவில்லை. அதற்கும் நன்றி சொல்கிறேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மழை தூறலாகியிருந்தது. மழையென்றால் மரம் வெட்ட முடியாது. அதனால் எல்லா வீட்டிலும் ஆள் இருந்தது. நான் தடை என்று நினைத்த மழைதான் எல்லாரையும் வீட்டில் உட்கார வைத்திருந்தது.

முதல் வீடு ஆறுமுகம் அண்ணன் வீடு. அவர் ஷீலாவைப் பார்த்ததும் சிரித்தார்.

"அட, போராங் பிள்ள. அன்னைக்கே எல்லாம் எழுதிட்டுப் போனியே. நான் ஒருத்தன்தான்லா." படிவத்தை அங்கே போராங் என்பார்கள். பிறகு என்னைப் பார்த்தார். "இவங்க யாரு, ஆபீசரா?"

நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அவருக்குப் பின்னால், தகரக் கொட்டகையில், அவர் மனைவி பாக்கியம் அக்கா ஒரு சாக்கைக் கொட்டி வைத்து உட்கார்ந்திருந்தார். கட்டிப்பால். கோப்பையில் வடிந்த பால் அப்படியே இறுகியது. அதில் ஒட்டியிருக்கும் பட்டையையும் இலையையும் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். நாற்றம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். என்ன செய்வதென்று தெரியாமல், நான் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அங்கே போனேன். கவிழ்த்திருந்த வாளியில் உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தேன். வாய்தான் மறந்திருந்தது. கை மறக்கவில்லை.

பாக்கியம் அக்கா என் கையையே பார்த்தார்.

"கட்டிப்பால் பொறுக்குற ஆபீசர இன்னைக்குத்தான் பாக்குறேன். நீ எந்தத் தோட்டம்?"

"இங்கதான்க்கா, சுங்காய் பக்கம். இப்ப ரப்பர அழிச்சிட்டு செம்பனை போட்டுட்டாங்க." அதுதான் என் முதல் வார்த்தை. கை வேலையில் இருந்ததால் அடுத்ததும் வந்தது. "எங்கப்பா வெட்டுவாரு. நான் பால் எடுப்பேன். பைல் தூக்கிட்டு ஆளு வந்தா பள்ளத்துல குதிச்சிருவேன்க்கா. பேர்ல இல்லாத ஆளு."

பாக்கியம் அக்கா கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

"உனக்குப் பள்ளமா? எனக்கு மூங்கில் புதர். ஒருநாள் செவப்பெறும்பு புடிச்சிருச்சு. எத்தன பேருன்னு ஆபீசர் கேக்குறான். நான் ஒருத்தன்தான் ஐயான்னு எங்கப்பா சொல்றாரு. அந்த நேரம் பாத்து புதர் ஐயோ அம்மான்னு கத்துது."

ஆறுமுகம் அண்ணனும் சிரித்துவிட்டார். ஷீலா மெதுவாகப் பேனாவை எடுத்தாள். "ஆன்ட்டி, நீங்க காலைல எத்தன மணிக்குக் காட்டுக்குப் போவீங்க?"

"அவ சும்மா கூட வர்றதுலா" என்றார் ஆறுமுகம் அண்ணன். "அதெல்லாம் வேலைல எழுத முடியாது."

"சும்மாவா?" பாக்கியம் அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை. "சரிங்க. நாளைக்கு நீங்க ஒருத்தரே போங்க. எடுங்க, தூக்குங்க, பொறுக்குங்க. நான் உக்காந்து நாடகம் பாக்குறேன்."

அண்ணன் தலையைச் சொறிந்தார். "எழுதிக்கோ பிள்ள. ரெண்டு பேரு."

"ரெண்டரைன்னு எழுது" என்றார் அக்கா. "சனிக்கெழமைல மவ வாரா."

அதற்குப் பிறகு எங்களுக்கு வேலையே இல்லை. பாக்கியம் அக்கா குடையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். அடுத்த வீட்டு வாசலில் நின்று, "ஏ சரசு, பள்ளத்துல ஒளிஞ்ச பிள்ள ஒன்னு வந்திருக்கு, வந்து பாரு" என்று கூப்பிட்டார். ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் ஒளிந்த கதை இருந்தது. ஒருவர் கோழிக்கூண்டு என்றார். ஒருவர் பால் ஊற்றி வைக்கும் பீப்பாய், பால் தோம்பு என்றார். ஷீலா சிரித்துச் சிரித்து எழுதினாள். யார் எத்தனை மணி, எந்த வேலை, வாரத்தில் எத்தனை நாள். மாலைக்குள் பதினோரு வீடு முடிந்தது. நான் அன்று பேசிய அளவு ஒரு வருடத்தில் பேசியிருக்க மாட்டேன்.

திரும்பும்போது என் கணவர் வேன் ஜன்னல் எல்லாவற்றையும் திறந்தார். "ரெண்டு பேரும் என்ன சென்ட் போட்டிருக்கீங்க?" என்று கேட்டார். ஈப்போ வரும் வரை சிரித்தோம்.

மறுநாள் ஞாயிறு ஆராதனைக்கு வர முடியாது என்று போதகரிடம் சொல்லத் தயங்கினேன். "நீங்க போங்க சிஸ்டர், நாங்க இங்க ஜெபிக்கிறோம்" என்றார். அந்த ஞாயிறும் அடுத்த சனியும் போனோம். முப்பது வீடும் முடிந்தது.

டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை ஷீலா விரிவுரையாளர்கள் முன்னால் நின்று ஆய்வை விளக்கினாள். நான் கடையில் இருந்தேன். மூன்று மணிக்குப் போன் வந்தது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு எடுத்தேன்.

"பாஸ்மா."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். நடந்ததை அவளே சொன்னாள். அதே வீடுகள், அதே கேள்வி, பதில் மட்டும் எப்படி மாறியது என்று கேட்டார்களாம். பள்ளத்தையும் மூங்கில் புதரையும் சொன்னாளாம். கேள்வித்தாளைத் திருப்பிக் கொடுத்த அதே விரிவுரையாளர் குனிந்து எதையோ எழுதிக்கொண்டாராம். கடைசியாக அவர், "இந்த ஆய்வில் எத்தனை பேர் வேலை செய்தீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்.

"நீ என்னடி சொன்ன?"

"ரெண்டு பேர்னு சொன்னேன்மா. நானும் எங்கம்மாவும்."

அன்பான சகோதர சகோதரிகளே, பேசத் தெரிந்த ஒருவரை அனுப்பும் என்று நான் சீட்டில் எழுதினேன். அவர் பேசத் தெரியாத என்னையே அனுப்பினார். என் வெட்கம் முழுவதும் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் இப்போது சபைக்குப் புதிதாக யாராவது வந்தால், பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எந்த ஊருங்க?" என்று கேட்கிறேன். போன மாதம் பெண்கள் ஜெபக் கூட்டத்தில் பெட்டியிலிருந்த சீட்டுகளை நான்தான் வாசித்தேன். கடைசிச் சீட்டு வரை வாசித்து முடித்தேன். பாக்கியம் அக்கா வாரம் ஒருமுறை போன் செய்கிறார்.

உங்களில் யாராவது கடைசி வரிசையில் உட்கார்ந்து, என்னால் என்ன ஆகும் என்று நினைத்தால், தயவுசெய்து உங்கள் சீட்டையும் எழுதிப் போடுங்கள். உங்கள் கைக்கு என்ன வேலை தெரியும் என்று உங்களைப் படைத்தவருக்குத் தெரியும். என் மகள் இரண்டு பேர் என்று சொன்னாள். அவள் கணக்குப் படித்தவள். ஆனால் அந்த மழையில், அந்தத் தகரக் கொட்டகையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். பெயரில் எழுதாவிட்டாலும் ஆண்டவர் கூடவே இருந்து வேலை செய்தார். அவருக்கே நன்றி.

ஷீலா பாஸான மறுநாள் புதன்கிழமை. வெயில் அடித்தது. கடைக்கு அறுபது விரிப்புகள் வந்திருந்தன. தேய்த்து மடித்தேன்.