கண்ணாடிக் கதவுக்குள் வேர்த்த பெட்டி

தறியில் உட்கார்ந்தவனுக்குக் கண்ணும் கையும் காலும் வேலையில் இருக்கும். காது மட்டும் சும்மா கிடக்கும். அந்தக் காதுக்காகத்தான் கூடத்தில் டிவியைப் போட்டுவிட்டு, முன்னறையில் நெய்வேன். படம் பார்ப்பதில்லை. யாரோ பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தால் ஒரு முழம் ஏறுவது தெரியாது.

மகளின் பிரசவத்துக்கு மூன்று மாதம் என்று பெங்களூர் போனவள் என் மனைவி. பேரன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியும் அவள் திரும்பவில்லை. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். பிள்ளையை யார் பார்ப்பது? நியாயம்தான். ஒருமுறை ஆரணிக்கு வந்த மருமகன், "தனியா இருக்கீங்களே மாமா" என்று ஒரு டிவிடி பிளேயரும் ஆம்பிளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கரும் வாங்கி வைத்துவிட்டுப் போனார். டிவியின் சத்தமும் அந்த ஆம்பிளிஃபயர் வழியாகத்தான் வரும். எல்லாவற்றையும் மர ஷோகேஸுக்குள் வைத்து, கண்ணாடிக் கதவைச் சாத்தியாயிற்று.

கதவு மூடியே இருக்க வேண்டும் என்பது மனைவியின் சட்டம். நெசவு வீட்டில் பட்டுத் தும்பு பறக்காத இடம் கிடையாது. பொங்கலுக்கு வந்த நான்கு நாளில், போதாததற்கு ஆம்பிளிஃபயர் பெட்டியின் மேல் ஒரு பட்டுத் துண்டையும் போர்த்திவிட்டுப் போனாள். போனில் அவளுடைய முதல் கேள்வி, "கதவ சாத்தி வெச்சிருக்கீங்களா?" இரண்டாவது கேள்விதான், "சாப்டீங்களா?"

சித்திரை மாதத்தில் ஒரு மத்தியானம் சத்தம் நின்றது. கரண்ட் இருந்தது. எழுந்துபோய்ப் பார்த்தால், திரையில் ஒரு அம்மாள் வாயைத் திறந்து அழுகிறாள். சத்தம் மட்டும் இல்லை. பஜாருக்குப் போய் மெக்கானிக்கைக் கூட்டிவந்தேன். தேவிகாபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து கடை திறக்கிறவர். என்னைவிடப் பத்து வயது இளையவர்.

பெட்டியில் கை வைத்தவர் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"இன்னாணா இது! பட்டு போத்தி, கண்ணாடிக் கதவ சாத்தி, பொண்ணு பாக்க வரவங்களுக்கு உக்கார வெச்ச மாதிரி வெச்சிகினு இருக்க. இதுக்கு வேர்க்காதா?"

"தூசி பூந்துடும்னு வீட்டுல சொல்வாங்க."

"தூசி பூந்தா தொடச்சிக்கலாம். சூடு உள்ளயே நின்னா இன்னா பண்ணுவ? அடுப்பு எரியறதுக்கும் காத்து வேணும், ஆறறதுக்கும் காத்து வேணும். ரிப்பேரெல்லாம் ஒண்ணும் இல்லணா. சூடு தாங்காம அதுவே வாய மூடிகிச்சி. அரை மணி நேரம் ஆறட்டும்."

அந்த அரை மணி நேரம் அவர் என் வீட்டில் உட்கார்ந்திருந்தார். டீ போட்டேன். அவருக்குப் பேச்சு வந்தால் பழமொழியோடுதான் வரும். "தனி மரம் தோப்பாவாதுன்றாங்க. ஆவாட்டி போவுது, அதோட நெழல்ல நாலு பேரு உக்காரலாமில்ல?" என்றார். அவர் போன பிறகு அதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்தேன்.

போகும்போது சொன்னார்: "கதவத் தொறந்து வை. இல்லன்னா பின்பலகைல ஓட்ட போட்டுத் தரேன். கீழ நல்ல காத்து பூந்து, மேல சூடு வெளிய போவும்."

"வீட்டுல கேட்டுச் சொல்றேன்" என்றேன். கேட்கவில்லை. கதவைச் சாத்தி, பட்டுத் துண்டை மறுபடியும் போர்த்தினேன்.

பத்து நாளில் மீண்டும் நின்றது. கதவைத் திறந்து அரை மணி நேரம் காத்திருந்தால் போதும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் செருப்பை மாட்டிக்கொண்டு பஜாருக்குப் போனேன். "மறுபடியும் வாய மூடிகிச்சா?" என்று சிரித்துக்கொண்டே ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்தார். கோடை முழுக்க இப்படியே போயிற்று. காலண்டர் தாள்கள் சேர்ந்தன.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. வீடு குளிர்ந்துவிட்டது, பெட்டியும் குளிர்ந்துவிட்டது. மூன்று வாரம் சத்தம் ஒருமுறைகூட நிற்கவில்லை. காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை அது பேசிக்கொண்டே இருந்தது. அவ்வளவு பேச்சிலும் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை இல்லை.

ஒருநாள் குளித்துவிட்டு வந்து, பழைய வேட்டி ஒன்றை மடித்து, பெட்டிக்கும் பின்பலகைக்கும் நடுவில் இறுக்கித் திணித்தேன். மத்தியானம் சத்தம் நின்றது. குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

நனைந்துகொண்டே வந்தார். பெட்டியைத் தொட்டதும் அவர் நெற்றி சுருங்கியது. பின்னால் கையை விட்டுத் துழாவி வேட்டியை இழுத்தார். இஸ்திரி போட்டதுபோல் சுடச்சுட வந்தது.

"எலி இழுத்தாந்து வெச்சிருக்கும்" என்றேன்.

"எலி நாலா மடிச்சா வெக்கும்?"

அவர் கோபப்படவில்லை. வேட்டியை ஷோகேஸ் மேல் வைத்துவிட்டுத் தறிப்பக்கம் பார்த்தார்.

"தீஞ்சிருந்தா இன்னாணா ஆவும்? தறியில பாவு கீது. நீ உள்ள கீற. அங்க கடையில ரெண்டு பேர நிக்க வெச்சிட்டு வந்தேன் நானு."

போய், ஒரு மணி நேரத்தில் டிரில் மெஷினோடு திரும்பி வந்தார். ஷோகேஸை இருவருமாக நகர்த்தினோம். பின்பலகையில் கீழே ஒரு வரிசை, மேலே ஒரு வரிசை ஓட்டை போட்டார். பெட்டியின் நாலு காலுக்கும் அடியில் சோடா மூடி வைத்துத் தூக்கினார். பட்டுத் துண்டை மடித்து என் கையில் கொடுத்தார். மரத்தூளை அவரே பெருக்கினார். நான் டீயோடு வந்தபோது பையைத் தோளில் மாட்டியிருந்தார்.

"வேணாம்ணா, கடையில ஆளு நிக்குது. இனிமே இது நிக்காது. நீ கதவ சாத்தியே வெச்சிக்கோ."

சும்மாவே ஒருநாள் வாங்க என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. ஒரு பழுது இல்லாமல் ஒரு மனிதரைக் கூப்பிட எனக்குத் தெரியவில்லை. வாசல்வரை போய்க் குடையைக் கொடுத்தேன். வேண்டாம் என்று கையசைத்துவிட்டு மழையில் இறங்கிப் போனார்.

அடுத்த சித்திரை வந்தது, போனது. சத்தம் நிற்கவில்லை. கையை வைத்துப் பார்ப்பேன். வெதுவெதுப்பாக இருக்கும், அவ்வளவுதான். அவர் கடைக்கு எதிர்ப்பக்கமாகவே நடந்து பழகிவிட்டேன். என்ன சொல்லிக்கொண்டு உள்ளே போவது?

ஒருநாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில், தேவிகாபுரம் பஸ்ஸின் ஜன்னலிலிருந்து அவர் குரல் கேட்டது.

"இன்னாணா, பொட்டி பேசுதா?"

"பேசுது. நாள் பூரா பேசுது" என்றேன். இன்னும் ஏதோ கேட்க வாயைத் திறந்தார். கண்டக்டர் விசிலடித்தார், பஸ் கிளம்பிவிட்டது.