குண்டு முதுகு மேண்டலினுக்குக் கம்பி வந்தது

கேம்ப் நண்பர்களே, மெஸ் சுவரில் நானே எழுதி ஒட்டும் முதல் காகிதம் இது.

நம் இத்தாலிய போர்மேன் ஊருக்குப் போகும்போது தன் தாத்தாவின் மேண்டலினை எனக்குக் கொடுத்துவிட்டார். அவர் வாசித்தபோது எழுந்து போகாத ஒரே ஆள் நான்தானாம்.

மெல்லிய மரத் தகடுகளை ஒட்டிச் செய்த முதுகு, சுரைக்காய் போல உருண்டிருக்கும். அழகு. ஆனால் கம்பிகள் அறுந்திருந்தன.

“அண்ணாச்சி, ஊமைப் பொட்டிக்கெல்லாம் ரூம்ல இடம் இல்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள சத்தம் வரணும், இல்லைனா வெளிய போட்டுருவேன்” என்றார் ரூம் முருகேசன்.

இன்று குதைபியா கடைத்தெருவில் வாத்தியக் கடைக்குப் போனேன். அரபுக் கடைக்காரர் முதுகைத் தடவிப் பார்த்து, “ஊத்?” என்றார்.

ஊதச் சொல்கிறார் என்று நினைத்து, துவாரத்தில் வாயை வைத்துப் பலமாக ஊதினேன். இத்தாலியத் தூசி முழுவதும் அவருடைய வெள்ளை அங்கியில் இறங்கியது.

“மாஃபி, பாய், மாஃபி!” இல்லை, இல்லை என்று தும்மிக்கொண்டே சுவரைக் காட்டினார். இதே உருண்ட முதுகோடு, இதைவிடப் பெரிய அரபு வாத்தியம் ஒன்று தொங்கியது. அதன் பெயர்தான் ஊத்.

“யே உஸ்கா பேட்டா” என்று சிரித்தார். மகன் என்று சொன்ன பிறகு கம்பி போடாமல் விடுவாரா?

இப்போது எட்டுக் கம்பியும் பேசுகின்றன. எழுத்து வாசிக்கத்தான் புதிதாகக் கற்றிருக்கிறேன், மேண்டலின் வாசிக்கத் தெரியாது. முருகேசன் சத்தம்தானே கேட்டார்? டிரான்சிஸ்டர் ரேடியோவின் சத்தத்தை ஏற்றி வைத்தும் அவருக்கு நன்றாகக் கேட்கிறது.

ஆட்சேபம் உள்ளவர்கள் கீழே எழுதலாம். கோழிக் கிறுக்கலாக எழுதினால் எனக்குப் படிக்க வராது. சம்மதம் என்றே எடுத்துக்கொள்வேன்.