அப்பாவின் இரண்டு முட்டைகள்

1999 மார்ச் 8, திங்கட்கிழமை, மாலை நான்கேகால். கண்டியில், வைத்தியரின் அறையில் அப்பா தராசில் ஏறினார். நானும் அம்மாவும் முள்ளைப் பார்த்தோம். அரைக் கிலோ குறைந்திருந்தது.

ஈரலிலுள்ள கட்டியை அகற்றுமுன் உடம்பு தேற வேண்டும், மெலிந்த உடம்பில் காயம் எளிதில் ஆறாது என்று மூன்று வாரங்களுக்கு முன்பே வைத்தியர் சொல்லியிருந்தார். இன்னும் ஒரு வாரத்தில் நிறை கூடாவிட்டால் சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டிவரும் என்றார் இப்போது. கட்டி அதுவரை பொறுத்திருக்குமா என்று அம்மா கேட்டார். வைத்தியர் பேனாவை மூடினார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் கொப்பியைப் பிரித்தார். அப்பா உண்பதையெல்லாம் எழுதிவைப்பது, பத்து வயதில் எனக்கிடப்பட்ட பணி. காலையில் இரண்டு முட்டை, மதியம் மீன், இரவில் பால், ஒருநாளும் தவறவில்லை.

"இவ்வளவும் எங்க போகுது?"

எனக்குத் தெரியும். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்து அனுப்பிய முட்டைகள் அவை. அவற்றை, "கெதியா விழுங்கு பிள்ளை, அம்மா வாறா" என்று அப்பா என் வாயில் திணிப்பார். பொய்யெழுதிக் களைத்துப்போயிருந்தேன்.

"முட்டையெல்லாம் நான்தான் சாப்பிட்டனான். மீன் பூனைக்கு."

"உங்களுக்கென்ன விசரோ?" என்று அம்மா அப்பாவிடம் பாய்ந்தார்.

"நீர் இரவில மட்டும் ஒரு பிடி சோத்தோட கிடக்கேக்கை எனக்கு எப்பிடியப்பா இறங்கும்?"

"உங்களுக்காகத்தானே விரதம் பிடிக்கிறன்! ஒப்பரேசன் முடியுமட்டும் எண்டு முருகனுக்கு நேந்தாச்சு. விடமாட்டன்."

"அப்ப எனக்கும் வேண்டாம்."

இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. ஒருவருக்காக ஒருவர் பட்டினி கிடந்த அந்த வீட்டில், நிறை கூடியவள் நான் ஒருத்திதான்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, அம்மா அவித்துவைத்த இடியப்பத்தை இரண்டு தட்டுகளில் வைத்தேன். முட்டைகளை அப்பாவின் தட்டில் வைத்தேன். இருவரும் உண்ணாமல் பள்ளிக்கூடம் போகமாட்டேனென்று கதிரையை இழுத்துப்போட்டு நடுவில் உட்கார்ந்தேன்.

அம்மா சுவாமிப் படத்தை நெடுநேரம் பார்த்தார். பின் ஒரு துண்டைப் பிட்டு வாயில் வைத்தார். அதைக் கண்ட பிறகே அப்பா முட்டையைத் தொட்டார். அம்மாவின் கை நடுங்கியது.

பசியினால் என்று கொப்பியில் எழுதிக்கொண்டேன்.